‘கிடைத்ததா?’ என்று கேட்கும் யந்திரம்

பதுளை நகரம் மலைகளுக்கு நடுவே வைத்த ஒரு கிண்ணம் போன்றது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்க, அதன் தென்கிழக்கே நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் பதுளைக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். ஆயினும் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆந் திகதி பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, மலைகளை வளைந்து வளைந்து ஏறி, தெமோதரையில் தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி, ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடியே அவ்விடம் சேருகிறது. மனிதன் செல்லும் வழி இது. அவனுடைய செய்தி செல்லும் வழி யாது? அதனையே இவ்வாரம் ஆராய்வோம்.

தோட்டப் புறங்களில் வாழ்ந்தவர்களுக்குச் செய்தி அறிவிக்கும் ஒரு பழைய முறை நன்கு தெரியும். விடியுமுன் ஒலிக்கும் தப்போசையே அது. அவ்வோசை கேட்டதும் லயத்தில் அடுப்பு மூளும். ஆண்களும் பெண்களும் பிரட்டுக்களத்துக்குப் புறப்படுவர். கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி என்று அத்தப்பில் வேற்றுமை உண்டு. சொல் ஒன்றும் இல்லாமலே, ஓசையின் ஒழுங்கினால் மட்டும் பொருள் உணர்த்தப்படுகிறது. வானொலி வழியாக எழுத்துகளை அனுப்பும் டெலிபிரிண்டர் என்னும் தொலை அச்சுப்பொறியின் இரகசியமும் இதுவேதான்.

இலங்கையில் தந்தி 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே கம்பி வழியாகத் தொடங்கியது. அக்காலத் தந்தியில் ஒருவர் விரலால் தட்ட, மற்றொருவர் காதால் கேட்டு எழுதிக்கொண்டார். விரலும் காதும் களைத்துப் போகக் கூடியவை. களைப்பறியாத யந்திரமே தட்டி, யந்திரமே எழுதினால் என்ன என்று எண்ணியவர் பலர். அவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியியலாளர் எமில் போதோ. அவர் 1874ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இன்றளவும் அவர் பெயரால் வழங்குகிறது.

போதோவின் முறையை மாணவர்கள் எளிதிற் புரிந்துகொள்ளலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் இரண்டில் ஒன்றாகவே இருக்க முடியும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 கிடைக்கும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகளே ஆதலால் அவை அடங்கிவிடும். எண்களுக்கும் குறிகளுக்கும் இடம் வேண்டுமே எனின், ‘இனி வருவன எண்கள்’ என்று ஒரு குறிப்பும், ‘இனி வருவன எழுத்துகள்’ என்று மற்றொரு குறிப்பும் வைத்து, ஒரே துடிப்புக் கூட்டத்துக்கு இரண்டு பொருள்கள் கொடுத்தார்கள். பின்னர் நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே என்பவர் 1901ஆம் ஆண்டளவில் இம்முறையைச் சீர்திருத்தினார். செய்தித் துளைகளைக் கொண்ட காகித நாடாவில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகளை ஒதுக்கி, யந்திரத்தின் தேய்மானத்தைக் குறைத்தவர் அவரே.

இனி, கம்பியை அகற்றிவிட்டு வானொலி அலையை அதன் இடத்தில் வைப்போம். அமெரிக்கக் கடற்படையினர் 1922ஆம் ஆண்டிலேயே பறக்கும் விமானத்துக்கும் தரை நிலையத்துக்கும் இடையே அச்சுத் தந்தியை வானொலியிற் சோதித்துப் பார்த்தனர். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ‘உண்டு’ என்பதற்கு அலையை எழுப்பி, ‘இல்லை’ என்பதற்கு அலையை நிறுத்தினால், அந்த நிறுத்தத்தினுள் இடியும் மின்னலும் புகுந்து, இல்லாததை உண்டு என்று காட்டிவிடும். ஊவாவின் ஐப்பசி மாத மாலைகளில் வானொலிப் பெட்டியைத் திறந்து வைத்தவர்களுக்கு அந்த இரைச்சலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக வந்ததே இரண்டு சுரங்களின் முறை. அலையை நிறுத்துவதே இல்லை; ‘உண்டு’ என்பதற்கு ஒரு சுரம், ‘இல்லை’ என்பதற்குச் சற்றே விலகிய இன்னொரு சுரம். அமெச்சூர் வானொலியாளர்கள் வழக்கமாகக் கையாளும் இரு சுரங்கள் 2,125 ஹேட்ஸ், 2,295 ஹேட்ஸ் என்பன. இரண்டுக்கும் இடையே 170 ஹேட்ஸ் மட்டுமே வேற்றுமை. ஒரு துடிப்பு ஒரு விநாடியின் ஆயிரத்தில் 22 பங்கு நேரம் நிற்கும். எழுத்து தொடங்குவதற்கு ஒரு துடிப்பு, எழுத்துக்கு ஐந்து துடிப்பு, முடிவுக்கு ஒன்றரைத் துடிப்பு எனக் கணக்கிட்டால், விநாடிக்கு ஆறு எழுத்துகள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சொற்கள் ஓடும். தப்பின் இருவகை அடிகளைப் போல, இரண்டே ஒலிகள் மாறி மாறிக் குதித்து ஒரு முழுக் கடிதத்தையும் மலை தாண்டி எடுத்துச் சென்றுவிடுகின்றன.

மலை தாண்டுவது எவ்வாறு? கைத்தொலைபேசி போன்றவை பயன்படுத்தும் மிகக் குறுகிய அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்பவை. நடுவே மலை நின்றால் அவற்றின் வழி அடைபடும். மலையுச்சியில் கோபுரம் எழுப்பியே அவற்றைக் கடத்தவேண்டும். கோபுரத்துக்கு மின்சாரமும் வேண்டும். சிற்றலையோ வேறு இயல்புடையது. 3 முதல் 8 மெகாஹேட்ஸ் வரையுள்ள அலைகளைத் தாழக் கட்டிய கம்பி ஒன்றிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி அனுப்பினால், நமக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயனமண்டலம் என்னும் மின்னேற்றம் பெற்ற படை அவற்றைத் திருப்பி அனுப்பும். அவை மழைபோல் மேலிருந்தே இறங்குவதால், மலையின் மறுபுறம் என்றும் பள்ளத்தாக்கின் அடி என்றும் வேறுபாடு பாராமல் சில நூறு கிலோமீற்றர் வட்டத்துக்குள் எங்கும் விழும். பதுளைக் கிண்ணத்தினுள்ளும் விழும், பசறையிலும் மடுல்சீமையிலும் விழும், கொழும்பிலும் விழும். பாதை சரிந்தாலும், கம்பி அறுந்தாலும், கோபுரம் இருண்டாலும், ஒரு மோட்டார் வாகன பற்றரியும் சில பாகம் கம்பியும் இருந்தால் இவ்வழி திறந்தே கிடக்கும்.

இதன் பெறுமதியை இலங்கை ஒரு துயர நாளிலே அறிந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் உறுப்பினர்கள் அம்பாந்தோட்டை முதலிய இடங்களுக்குச் சிற்றலைக் கருவிகளுடன் சென்று செய்தித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர். அச்சங்கத்தின் தலைவராக அப்போது இருந்த விக்டர் குணதிலக்க அப்பணியால் உலக அமெச்சூர் வானொலியாளரிடையே பெயர் பெற்றார்.

பேச்சு இருக்க எழுத்து எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பேச்சு காதில் விழுந்த அளவில் மறைந்துவிடும். அதிலும் இரைச்சலினிடையே ‘பதினைந்து’ என்பதும் ‘ஐம்பது’ என்பதும் மயங்கும். எழுத்தோ நிற்கும், இரண்டாம் முறை படிக்கலாம், பிறரிடம் கொடுக்கலாம், கேட்போர் எவரும் இல்லாத நள்ளிரவிலும் யந்திரம் தானே அச்சிட்டு வைத்திருக்கும். ஆதலினாலேயே செய்தி நிறுவனங்களும், வானிலை நிலையங்களும், கப்பல்களும் நெடுங்காலம் வானொலி டெலிபிரிண்டரை நம்பியிருந்தன.

ஆனால் இவ்யந்திரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஐந்து துடிப்புகளில் ஒன்றை இடியோசை மாற்றிவிட்டால், யந்திரம் தயங்குவதில்லை, அஞ்சுவதில்லை, வேறோர் எழுத்தை அச்சிட்டுவிட்டு மேலே செல்லும். 32 கூட்டங்களுள் எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் உண்டாதலால், பிழை என்று தனியே ஒன்று அதற்குத் தெரியாது. இன்னும் விந்தை ஒன்று கேளுங்கள். ‘இனி வருவன எழுத்துகள்’ என்னும் குறிப்பு மட்டும் இரைச்சலில் மறைந்துபோனால், பின்வரும் சொற்கள் எண்களாகவே அச்சாகும். தட்டச்சுப்பொறியின் மேல்வரிசையிலுள்ள கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டீ என்னும் எழுத்துகள் முறையே 1, 2, 3, 4, 5 என விழும். அனுப்பியவர் தாம் சரியாக அனுப்பிவிட்டதாக நிம்மதியாக இருப்பார். பெற்றவர் கையிலோ பொருளற்ற எண்கள்!

இப்பிழைக்குப் பரிகாரம் கண்டவருள் ஒருவர் ஒல்லாந்து நாட்டுத் தந்திப் பொறியியலாளர் வான் டியூரன். 1940களில் வளர்ந்த அம்முறையில் எழுத்துக்கு ஐந்து துடிப்புகளுக்குப் பதிலாக ஏழு. அவ்வேழிலும் ஒரு வகை மூன்று, மறுவகை நான்கு என்ற கணக்கு ஒருபோதும் தவறக் கூடாது. ஏழிடங்களில் மூன்றைத் தெரிந்தெடுக்க 35 வழிகள் உண்டு. எழுத்துகளுக்கு அவை போதும். இப்போது ஒரு துடிப்பு மாறினாலும் மூன்று-நான்கு என்ற கணக்கு உடைந்துவிடும். ‘இங்கே பிழை உண்டு’ என்று யந்திரம் தானே கண்டுகொள்ளும். கண்டுகொண்டு என்ன செய்யும்? அனுப்பியவரை நோக்கி, ‘மீண்டும் சொல்’ என்று கேட்கும்.

கப்பல்களுக்கென்று இம்முறை செப்பமடைந்தபோது, மூன்று மூன்று எழுத்துகளாக அனுப்பி, ஒவ்வொரு மூன்றுக்குப் பின்னும் அனுப்பும் நிலையம் வாய்மூடிக் காத்திருக்கும் வழக்கம் ஏற்பட்டது. ‘கிடைத்தது’ என்ற மறுமொழி வந்தால் அடுத்த மூன்று. வராவிட்டால் அதே மூன்று மீண்டும். இவ்வளவும் ஒரு விநாடியின் அரைப்பங்குக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடியும். மறுமொழி கேட்க இயலாதபடி ஒரே நேரத்தில் பல கப்பல்களுக்குச் சொல்லவேண்டிய புயல் எச்சரிக்கையை, ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை அனுப்பிச் சொல்வர். 518 கிலோஹேட்ஸில் இயங்கும் நவ்டெக்ஸ் என்னும் கப்பற் செய்திச் சேவை இவ்விரண்டாம் வழியைப் பின்பற்றுவதே.

ஆகவே, செய்தி சொல்லும் முறையில் மூன்று படிகளைக் காண்கிறோம். ஒருமுறை சொல்லிவிட்டு அமைவது முதற்படி. இருமுறை சொல்வது இரண்டாம் படி. சொல்லிவிட்டு, ‘கிடைத்ததா?’ என்று கேட்டு, மறுமொழி வரும்வரை ஓயாமல் சொல்வது மூன்றாம் படி. யந்திரங்கள் மூன்றாம் படிக்கு ஏறிப் பல்லாண்டுகள் ஆயின. மனிதராகிய நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலையிற் பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பித் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் மண்ணே இருந்தது. பலருடைய உடல்கள் மீட்கப்படாமலே போயின. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் இடம்பெயர வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அறிவித்திருந்தது என்பது பின்னர் வெளிவந்த செய்தி. எச்சரிக்கை அனுப்பப்பட்டது; அதுவும் இருமுறை. ஆனால் ‘கிடைத்தது, புறப்பட்டுவிட்டோம்’ என்ற மறுமொழி லயத்திலிருந்து வந்ததா என்று யாரும் காத்திருக்கவில்லை. புறப்படுவோர் போய்ச் சேருவதற்கு நிலமும் வீடும் கொடுக்கப்படவுமில்லை. மறுமொழி வராதபோது மீண்டும் அனுப்பும் யந்திரத்தின் பண்பு, அலுவலகங்களிடம் இல்லாமற் போயிற்று.

லயத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி தங்கிப்போவது புதியதன்று. தோட்ட மக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், நெடுங்காலமாக அவர்களுடைய கடிதங்களும் தந்திகளும் தபாற் கந்தோரிலிருந்து தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே லயத்துக்குச் சென்றன. தந்தி ஆங்கிலத்தில் இருந்தால், அதனைப் படித்துச் சொல்லக் கணக்கப்பிள்ளையையோ ஆசிரியரையோ தேடவேண்டும். கொழும்பிலிருந்து பதுளைக்குச் சில நிமிடங்களில் வந்த செய்தி, பதுளையிலிருந்து லயத்தின் வாசலுக்கு வர ஒரு நாளும் எடுக்கலாம். நெடுந்தூரத்தை விஞ்ஞானம் வென்றது. கடைசி இரண்டு மைலை அது வெல்லவில்லை.

மொழியும் அந்தக் கடைசி இரண்டு மைலைச் சேர்ந்ததே. ஐந்து துடிப்பு முறை ஆங்கில எழுத்துகளுக்கு ஏற்ப அளந்து தைத்த சட்டை. நம்முடைய 247 எழுத்துகள் அதனுள் நுழையா. ஆயினும் தமிழ் யந்திரத்துக்கு ஒவ்வாத மொழி என்று எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், 1930களிலேயே தமிழுக்குத் தட்டச்சுப்பொறியை அமைத்துக் காட்டினார். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒவ்வொரு விசை வைக்காமல், மெய்வடிவமும் உயிர்க்குறியும் சேர்ந்து எழுத்தாகும்படி செய்ததே அவ்வமைப்பின் அடிப்படை. இன்று கணினிகள் கையாளும் யூனிகோட் முறையிலும் தமிழ் இவ்வாறே அமைந்திருக்கிறது.

கணக்கு விருப்பமுள்ள மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. ‘மண்சரிவு’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளால் எழுதினால் ஒன்பது எழுத்துகள். ஐந்து துடிப்பு வீதம் 45 துடிப்புகள். அதே சொல்லைத் தமிழிலேயே யூனிகோட் முறையில் எழுதினால் எட்டுக் குறிகள். குறி ஒன்றுக்கு 24 துடிப்பு வீதம் 192 துடிப்புகள். துடிப்புக்கு ஆயிரத்தில் 22 விநாடி என்று கொண்டால், முதலாவது ஏறத்தாழ ஒரு விநாடியிலும், இரண்டாவது நான்கு விநாடிக்குச் சற்று மேலாகவும் சென்று முடியும். பழைய யந்திரத்தின் மெதுவான வேகத்திலேகூட, எச்சரிக்கையின் மிக முக்கியமான சொல்லைத் தாய்மொழியில் அனுப்புவதற்கு அதிகமாகத் தேவைப்படுவது ஏறத்தாழ மூன்று விநாடிகள்! 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் தமிழும் நாட்டின் அரசகரும மொழியாகும். ஆதலால் இம்மூன்று விநாடியை எவரும் வீண் செலவு என்று கூற இயலாது.

ஆனால் நடந்தது என்ன? 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரம் நின்றது, கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. மூன்று விநாடிக் கருமம், மூன்று மொழிகள் வழங்கும் நாட்டில் முட்டுப்பட்டு நின்றது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? பழைய டெலிபிரிண்டரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஓர் ஆளால் தூக்க முடியாத இரும்புப் பெட்டியாக இருந்த அந்த யந்திரத்தின் வேலையை, இன்று ஒரு சிறு கணினியே செய்துவிடுகிறது. வானொலிப் பெட்டியின் அருகே அதனை வைத்தால், இரு சுரங்களையும் கேட்டு எழுத்துகளைத் திரையிற் காட்டும். கேட்பதைவிட அனுப்புவதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் தேர்வில் தேறியவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளிலே கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவ மாணவியர்க்கு அத்தேர்வு எட்டாக்கனி அன்று. இலங்கை அமெச்சூர் நிலையங்களின் அழைப்புக்குறிகள் 4எஸ் என்று தொடங்குபவை. அக்குறியோடு லயத்திலிருந்து ஒரு குரல் எழுமாயின் அது அத்தோட்டத்துக்கே பெருமை.

லயத்திலிருந்து மேலே செல்லவேண்டிய செய்தியும் உண்டு. மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவே முதற்சான்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடன் இருக்கவேண்டும்; 100 மில்லிமீற்றரானால் ஆயத்தமாக வேண்டும்; 150 மில்லிமீற்றரானால் வெளியேறவே வேண்டும் என்பது மலைநாட்டில் கையாளப்படும் அளவுகோல். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள தகரப்பேணி ஒன்றைத் திறந்த வெளியிலே சமமாக வைத்து, அதில் நிறைந்த நீரின் உயரத்தைப் பாடசாலை அடிமட்டத்தால் அளந்தாலே மழை எத்தனை மில்லிமீற்றர் என்று தெரிந்துவிடும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றை முதலிற் காண்பவரும் கொழுந்து பறிக்கும் தாய்மாரே அன்றி, கொழும்பில் உள்ள அலுவலர் அல்லர். அவர்கள் கண்டது மேலே செல்லவும், மேலிருந்து வந்தது அவர்களுக்குச் சேரவும், இருவழியும் ஓடவேண்டும்.

கருவி எதுவாயினும் ஆகுக. சிற்றலையாயினும், கைத்தொலைபேசியாயினும், கோயில் ஒலிபெருக்கியாயினும், பழைய தப்பாயினும் குற்றமில்லை. செய்தி தமிழில் இருக்கவேண்டும். எந்த லயம், எந்த நேரம், எங்கே செல்வது என்று தெளிவாக இருக்கவேண்டும். அதனைப் பெற்றவர் மறுமொழி கூறவேண்டும். மறுமொழி வராத லயத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி இருக்கட்டும். லயத்தின் இலக்கம் ஒரு பத்தியில், ‘கிடைத்தது’ என்று சொன்னவரின் பெயரும் நேரமும் மறு பத்தியில். வெற்றிடமாக உள்ள வரி எதுவோ, அங்கேயே ஆபத்து இருக்கிறது.

அறிவித்துவிட்டோம் என்று சொல்வது கடமையின் பாதியே. மறுபாதி மறுமொழியில் இருக்கிறது. உணர்வில்லாத ஒரு யந்திரம் மூன்று எழுத்துகளை அனுப்பிவிட்டு, அவை போய்ச் சேர்ந்தனவா என்று காத்து நிற்கிறது. முந்நூறு உயிர்கள் உறங்கும் லயத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் மனிதன் அவ்வளவேனும் காத்து நிற்க வேண்டாமா?